தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வர முடியுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஒன்பது வருஷமாக டெக்சாஸில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறீர்கள். கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகி, வரிசையில் நிற்கிறீர்கள். எச்-1பி அனுமதிக் கடிதமான ஐ-797 2027 ஆகஸ்ட் வரை இருக்கிறது, ஆனால் பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப் போன வருஷமே முடிந்துவிட்டது. மனைவி எச்-4 (எச்-1பிக்காரரின் குடும்பத்துக்கான விசா), அவருடைய வேலை அனுமதி அட்டையான ஈஏடி கார்டு இந்த ஜூனில் முடிகிறது. மகளுக்கு மே மாதம் 14 வயது. உங்கள் தம்பி எஃப்-1 மாணவர் விசாவில், வேலைப் பயிற்சி அனுமதியான ஓபிடியில் இருக்கிறார், அவர் மனைவிக்கு ஏப்ரலில் பிரசவம். மாசியில் கும்பகோணத்தில் தங்கைக்குக் கல்யாணம். “அதிபர் வாரம் ஓர் ஆணையில் கையெழுத்துப் போடுகிறார், எங்கள் கதி என்ன?” என்று முடித்திருந்தீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இங்கே இருக்கும் உங்களை ஒரு கையெழுத்தால் வெளியே அனுப்ப முடியுமா என்பது ஒன்று. வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்களா என்பது இன்னொன்று. இந்த ஒரு வருஷமாக எனக்கு வரும் போன்களில் பாதி, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டவர்களுடையவை. நான் அட்டர்னி இல்லை. நியூஜெர்சியில் குடியேற்ற வழக்குகள் மட்டும் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் பதினாறு வருஷமாக பாராலீகல் (வக்கீல்களுக்கு உதவியாளர்) வேலை பார்க்கிறேன். பொங்கல் முடிந்த கையோடு, 2026 ஜனவரி மூன்றாவது வாரத்தில் இதை எழுதுகிறேன். தேதியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இந்த விஷயத்தில் தேதி போடாத பதில் எதையும் நம்பாதீர்கள், என்னுடையது உட்பட.

யார் எந்த விசாவில் எத்தனை நாள் இங்கே இருக்கலாம் என்பதை முடிவு செய்வது 1952-இல் அமெரிக்க காங்கிரஸ் இயற்றி, பிறகு பலமுறை திருத்திய குடியேற்றச் சட்டம். அதிபரின் நிர்வாக ஆணை அந்தச் சட்டத்தை மாற்ற முடியாது. அது தனக்குக் கீழே உள்ள துறைகளுக்கு மேலிடத்திலிருந்து போகும் உத்தரவு, அவ்வளவுதான். ஆனால் அதே சட்டத்தில் 212(எஃப்) என்று ஒரு பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட வெளிநாட்டவர்கள் நுழைவது நாட்டின் நலனுக்குக் கேடு என்று அதிபர் கருதினால், அவர்கள் நுழைவதை நிறுத்தி வைக்கலாம் என்கிறது அது. முதல் ஆட்சிக்காலத்தில் டிரம்ப் கொண்டுவந்த பயணத் தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது இந்தப் பிரிவின் பலத்தில்தான். போன ஜூனில் 12 நாடுகளுக்கு முழுத் தடையும் 7 நாடுகளுக்குப் பகுதித் தடையும் போட்டதும், டிசம்பரில் அந்தப் பட்டியலை நீட்டியதும் இதை வைத்துத்தான். இந்தியாவும் இலங்கையும் இரண்டு பட்டியலிலும் இல்லை.

அதாவது அதிபரின் கை வாசலில் நீளம், வீட்டுக்குள் குட்டை. உள்ளே இருப்பவரின் அந்தஸ்தைப் பறிக்க வேண்டுமானால் சட்டத்தில் இடம் இருக்க வேண்டும், முறையான அறிவிப்பு வேண்டும், பல சமயம் குடியேற்ற நீதிபதி முன்னால் விசாரணையும் வேண்டும். இதற்காக உள்ளே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் (அரசின் மாணவர் பதிவேடு) பதிவுகள் ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் முடக்கப்பட்டன. பழைய டிராஃபிக் கேஸ் மாதிரி சில்லறைக் காரணங்களுக்காகக்கூட. மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், வரிசையாகத் தடை உத்தரவுகள் வந்தன, ஏப்ரல் கடைசியில் அரசே பதிவுகளைத் திரும்பப் போட்டுக்கொடுத்தது. உங்கள் தம்பி இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. உள்ளே இருப்பவருக்குப் போய் நிற்க ஒரு கோர்ட் இருக்கிறது. வெளியே விசா மறுக்கப்பட்டவருக்கு அநேகமாக அதுகூடக் கிடையாது.

சரி, செப்டம்பர் 19-க்கு வருவோம். உங்கள் பயத்துக்கே மூலம் அந்த இரவுதான் என்று நினைக்கிறேன். கம்பெனி போடும் புது எச்-1பி பெட்டிஷனுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற பிரகடனம் வெள்ளிக்கிழமை கையெழுத்தானது. ஞாயிறு அதிகாலை 12:01-க்கு அமல், நம் ஊர்க் கணக்கில் ஞாயிறு காலை 9:31. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ஸ்ரீரங்கம் போயிருந்தார். அந்த ஞாயிறு மகாளய அமாவாசை. சனிக்கிழமை காலை கம்பெனியிலிருந்து “உடனே திரும்பு” என்று மெயில். அம்மா மண்டபத்தில் கால்கூட வைக்காமல், கிடைத்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கணக்குப் போட்டுப் பார்த்தால் சென்னையிலிருந்து எந்த வழியில் பறந்தாலும் கெடுவுக்குள் இறங்குவதே சந்தேகம். அவர் விமானத்தில் இருக்கும்போதே வெள்ளை மாளிகையிலிருந்து விளக்கம் வந்தது: இது ஒரு தடவைக் கட்டணம், புது பெட்டிஷனுக்கு மட்டும், கையில் செல்லுபடியாகும் விசா உள்ளவர்கள் போய் வரலாம். அவரிடம் 2026 வரை ஸ்டாம்ப் இருந்தது. அந்த ஆணை அவரைத் தொடவே இல்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இரவு பிரகடனத்தின் வாசகத்தை மூன்று தடவை படித்தும் எனக்கே தெளிவு வரவில்லை. வணிகத் துறைச் செயலர் லுட்னிக் வேறு, வருஷா வருஷம் கட்ட வேண்டும் என்கிற தொனியில் பேசி வைத்தார். விஷயம் ஓரளவு தெளிந்தது அக்டோபர் 20 அன்று, குடியேற்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசு அமைப்பான யூஎஸ்சிஐஎஸ் எழுத்தில் வழிகாட்டுதல் போட்ட பிறகுதான். அதன்படி, நாட்டுக்குள் இருந்துகொண்டே எக்ஸ்டென்ஷன் போடுபவர், கம்பெனி மாறுபவர், எஃப்-1-இலிருந்து எச்-1பிக்கு மாறுபவர் யாருக்கும் இந்தக் கட்டணம் இல்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கு, செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாத நிலையில், புதிதாகப் போடும் பெட்டிஷனுக்குத்தான். உங்களுக்கு ஏற்கெனவே அப்ரூவ் ஆன பெட்டிஷன் இருக்கிறது. அதை வைத்து ஸ்டாம்பிங் போனால் கட்டணம் வராது. இதை உறுதியாகச் சொல்லலாம். இந்தப் பிரகடனத்துக்கு ஒரு வருஷம்தான் ஆயுள், நீட்டிக்காவிட்டால் 2026 செப்டம்பரில் முடியும். அமெரிக்க வர்த்தக சபை போட்ட வழக்கில் டிசம்பர் 23 அன்று வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வேறு கோர்ட்டுகளிலும் வழக்குகள் நிற்கின்றன. அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

உங்கள் தம்பிக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வருகிற மார்ச்சில் அவர் கம்பெனி எச்-1பி லாட்டரியில் பெயர் கொடுத்து, தேர்வாகி, உள்ளேயே அந்தஸ்து மாற்றம் கேட்டு பெட்டிஷன் போட்டால் கட்டணம் இல்லை. அந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது “ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன்” என்று கிளம்பினால், அந்தஸ்து மாற்றக் கோரிக்கையைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் பெட்டிஷன் கான்சுலேட் வழிக்குப் போகும், ஒரு லட்சம் டாலர் அங்கே காத்திருக்கும். எந்தக் கம்பெனி கட்டும்? இன்னொன்று, இந்தத் தடவை லாட்டரியும் பழைய லாட்டரி இல்லை. பிப்ரவரி 27-இலிருந்து அமலாகும் விதிப்படி, சம்பள நிலை நான்கில் இருப்பவரின் பெயர் நான்கு தடவை குடத்தில் விழும், முதல் நிலையில் இருப்பவருக்கு ஒரு தடவைதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இது நிஜமான அடி.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். உங்களைத் தடுப்பது ஒரு லட்சம் டாலர் ஆணை இல்லை என்று பார்த்தோம். தடுக்கப்போவது, அதிபர் கையெழுத்தே இல்லாத, பத்திரிகையில் ஓரமாக வந்த ஒரு சமாச்சாரம். 2025 ஜனவரி 20 அன்று போட்ட ஆணைகளில் ஒன்று, விசா கேட்பவர்களை இன்னும் கடுமையாகச் சோதிக்கச் சொன்னது. அதன் வால் பிடித்து வெளியுறவுத் துறை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தது. செப்டம்பர் 2 முதல், இன்டர்வியூ இல்லாமல் விசா புதுப்பிக்கும் டிராப்பாக்ஸ் அநேகமாகக் கிடையாது, எல்லோரும் நேரில் இன்டர்வியூவுக்குப் போக வேண்டும். அதே மாதம், சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். மெக்சிகோவிலோ கனடாவிலோ போய் ஸ்டாம்பிங் முடித்து வந்த காலம் அத்தோடு போயிற்று. டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 எல்லோருடைய சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறோம், பொதுப் பார்வைக்குத் திறந்து வையுங்கள் என்றார்கள். ஒரு நாளைக்கு எடுக்கும் இன்டர்வியூ எண்ணிக்கை குறைந்தது. டிசம்பர் தேதி வைத்திருந்தவர்களுக்கு மார்ச், அதற்கும் அப்பால் என்று தேதி மாற்றி மெயில் போனது. பழைய தேதியில் வந்து நின்றால் உள்ளே விட மாட்டோம் என்று டெல்லி தூதரகம் வெளிப்படையாகவே எழுதியது. கிறிஸ்துமஸ் லீவில் மூன்று வாரத்துக்கு என்று போனவர்கள் இன்னும் சென்னையில் மாமியார் வீட்டு டைனிங் டேபிளில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து வேலை செய்ய எல்லாக் கம்பெனியும் விடுவதில்லை. சம்பளமில்லா லீவு, அப்புறம் என்ன என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

ஸ்டாம்ப் முடிந்த நிலையில் நீங்கள் போனால் இந்த வரிசையில்தான் போய் நிற்க வேண்டும். என்னுடைய கருத்து, மாசியில் குடும்பத்தோடு போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் நீங்கள் மட்டும் போங்கள். இன்டர்வியூ தேதி கையில் கிடைத்த பிறகு, அந்தத் தேதி தள்ளிப்போனால் நான்கைந்து மாதம் தாங்க முடியுமா என்று மேனேஜரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். மனைவியும் மகளும் இங்கேயே இருந்தால் அவர்களுடைய எச்-4 உங்கள் எச்-1பி உயிரோடு இருக்கும்வரை நிற்கும். அங்கே மாட்டிக்கொண்டு வேலையும் போனால் அவர்கள் காலடியிலும் தரை போய்விடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டிய மச்சான் மேடையில் இல்லாமல் போவது என்ன வலி என்று எனக்குத் தெரியும். என் தம்பி கல்யாணத்தை நான் லேப்டாப்பில்தான் பார்த்தேன். பெரியப்பா மகன் யாராவது அந்த முறையைச் செய்யலாம். வேலை, பள்ளிக்கூடம், வீட்டுக் கடன் எல்லாவற்றையும் உங்களுக்காக யாரும் செய்ய முடியாது.

தம்பி குழந்தை விஷயத்தில் நிலவரம் இப்படி. தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தையும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ இல்லை என்றால், இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று 2025 ஜனவரி 20 ஆணை சொன்னது. அப்படியே உங்கள் தம்பி குடும்பத்தைச் சொன்ன மாதிரி இருக்கிறது. ஆனால் அது ஒரு நாள்கூட அமலாகவில்லை. கையெழுத்தான மூன்றாம் நாளே சியாட்டில் நீதிபதி கஃபனோர் தடுத்தார். ஜூனில் உச்ச நீதிமன்றம், மாவட்ட நீதிபதிகள் நாடு முழுக்கத் தடை போடும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தியதும், வாட்ஸ்ஆப்பில் “பிறப்புக் குடியுரிமை போச்சு” என்று பரப்பினார்கள். போகவில்லை. ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி, பாதிக்கப்படும் எல்லாக் குழந்தைகளையும் ஒரே வகுப்பாகச் சேர்த்து மறுபடி தடுத்தார். அந்த வழக்கைத்தான் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்திருக்கிறது. ஜூன் கடைசி அல்லது ஜூலை தொடக்கத்துக்குள் தீர்ப்பு வரும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

அங்கே என்ன சொல்வார்கள் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் நினைப்பது, ஆணை தோற்கும். 1868-இல் வந்த 14-ஆவது திருத்தத்தின் வாசகம் அகலமானது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியபோது கப்பலிலேயே நிறுத்தி, நீ குடிமகன் இல்லை என்றார்கள். 1898-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவருடைய பெற்றோர் இங்கேயே குடியிருந்தவர்கள், விசாவில் வந்தவர்கள் அப்படி இல்லை என்பது அரசின் வாதம். அது எடுபடுமா என்பதுதான் இனி கேள்வி. அதுவரை தம்பி செய்ய வேண்டியது எளிது: ஏப்ரலில் குழந்தை பிறந்ததும் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதே வாரம் அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கட்டும். இன்று அது சட்டப்படி கிடைக்க வேண்டிய பாஸ்போர்ட்.

மகளுக்கு 14 வயது என்றீர்களே, அதைச் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். நாட்டில் இருக்கும் வெளிநாட்டவர் எல்லோரும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1940-இலிருந்தே இருக்கிறது. யாரும் கண்டுகொள்ளாமல் தூசி படிந்து கிடந்தது. ஜனவரி 20 ஆணை ஒன்று அதைத் தட்டி எடுத்து அமல்படுத்தச் சொன்னது, 2025 ஏப்ரல் 11-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நுழையும்போது தங்கும் கெடுவோடு தரும் பதிவான ஐ-94 உள்ள உங்கள் எல்லோருக்கும் அதுவே பதிவு, புதிதாக ஒன்றும் வேண்டாம். ஆனால் இங்கே இருக்கும்போது 14 வயது ஆகும் பிள்ளைகள், பிறந்தநாளிலிருந்து 30 நாளுக்குள் மறுபடி பதிவு செய்ய வேண்டும். யூஎஸ்சிஐஎஸ் தளத்தில் அவள் பெயரில் கணக்குத் தொடங்கி ஜி-325ஆர் படிவம் போட வேண்டும், கைரேகைக்குக் கூப்பிடுவார்கள். கேக் வெட்டிய கையோடு செய்துவிடுங்கள். 18 தாண்டிய நீங்கள் பதிவுக்கான ஆதாரத்தை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஐ-94-ஐ பிரின்ட் எடுத்து பர்ஸில் மடித்து வைத்தால் போதும். வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரி மாற்றப் படிவமான ஏஆர்-11 போடுங்கள், இதை நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, உங்கள் கேள்வியில் என்னை உறுத்திய ஒரு தேதி. உங்கள் ஐ-797 2027 ஆகஸ்ட் வரை. மனைவியின் ஈஏடி மட்டும் ஏன் 2026 ஜூனில் முடிகிறது? எச்-4 ஈஏடியை வழக்கமாக எச்-4-இன் ஐ-94 முடியும் நாள் வரை கொடுப்பார்கள். அப்படியானால் அவருடைய ஐ-94-ஏ ஜூனில் முடிகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். இது அடிக்கடி நடப்பதுதான். ஊரிலிருந்து திரும்பும்போது பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாக இருந்தால், விமான நிலைய அதிகாரி ஐ-797-இல் உள்ள தேதியைத் தராமல் பாஸ்போர்ட் முடியும் தேதியோடு ஐ-94-ஐ வெட்டிவிடுவார். வாய் திறந்து சொல்லவும் மாட்டார். எங்களிடம் வந்த ஒருவர் ஐ-797-ஐ மட்டும் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்; ஐ-94 முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. 180 நாள் தாண்டினால், வெளியே போன பிறகு மூன்று வருஷம் திரும்ப வர முடியாது. அவருக்கு எந்த அதிபரும் எந்த ஆணையும் போடவில்லை.

இன்று ராத்திரியே சிபிபி (சுங்க, எல்லைப் பாதுகாப்பு அமைப்பு) தளத்தில் மூன்று பேருடைய ஐ-94-ஐயும் எடுத்துப் பாருங்கள். ஜூன் என்று இருந்தால், ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு, உடனே எச்-4 எக்ஸ்டென்ஷனையும் ஈஏடியையும் சேர்த்துப் போட வேண்டும். மகளுடையதும் அப்படி இருந்தால் அவளையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். முன்பெல்லாம் எச்-4 நீண்டு இருந்தால் ஈஏடி புதுப்பிக்கப் போட்டதும் பழைய கார்டு தானாக 540 நாள் வரை நீளும். 2025 அக்டோபர் 30 முதல் போடுபவர்களுக்கு அந்த வசதி இல்லை. கார்டு முடிந்த அன்றே உங்கள் மனைவி வேலையை நிறுத்த வேண்டியிருக்கும், அதனால் ஒரு வாரம் தள்ளினாலும் நஷ்டம். ஐ-94-இல் என்ன தேதி இருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். பாஸ்போர்ட் எண் எதையும் போட்டுவிடாதீர்கள்.